அடியில் ஒரு சீதாப்பழம்

அத்தியாயம் 14

அந்த வெள்ளிப் பாத்திரத்தைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்ட புண்ணியவான் யார் என்று ஜெயகுமாரிக்கு இன்னும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் இதற்குள் போன் போட்டு நாலு வார்த்தை நன்றாகக் கேட்டிருப்பாள்.

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஓர் அமெரிக்கக் கோயிலை வாடகைக்கு எடுத்து, மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் தமிழில் ஆராதனை நடத்தும் சின்னச் சபை அவர்களுடையது. வெள்ளி விழா வந்தது. ஆசைக்கு, கொரோனாவோடு உள்ளே போன, திராட்சரசம் கொடுக்கும் பழைய இராப்போஜனப் பாத்திரத்தை வெளியே எடுத்து மேஜையில் வைத்தார்கள். படம் போனது. மறுநாளே தரங்கம்பாடிப் பக்கத்து ஊரிலிருந்து பேச்சு கிளம்பிவிட்டது. இது எங்கள் கோயில் பாத்திரம், நாற்பது வருஷத்துக்கு முன்னால் காணாமல் போனது என்றார்கள். அது காணாமல் போன சமயத்தில் அந்தக் கோயிலுக்குப் பொக்கிஷதாரராக இருந்தவர் சைலஸ். ஜெயகுமாரியின் மாமனார். இப்போது மான்மவுத் ஜங்ஷனில் மகன் வீட்டில், கீழ் அறையில், பைபிளும் பிரஷர் மாத்திரையுமாக இருப்பவர்.

சைலஸ் சொன்னது வேறு. பாத்திரம் தன் தாத்தாவுக்கு ஒரு ஜெர்மன் மிஷனரி பிரியமாகக் கொடுத்தது, அவ்வளவுதான் என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை.

கடைசியில் போதகர் ஆபேல் ஐயர் ஒரு வழி சொன்னார். கோயிலில் காணாமல் போனது ஆக்ஸ்பர்க் என்ற ஜெர்மன் நகரத்தில், இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் செய்தது. ஜெர்மன் வெள்ளியில் ஊரும் காலமும் தெரியும்படி முத்திரை அடித்திருப்பார்களாம். விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டிக் கேட்டுவிட்டால் ஊர் வாய் மூடிவிடும், சபையிலும் யாரும் யார் முகத்தையும் பார்க்கக் கூச வேண்டாம். அவர் சொல்லி முடிக்கும் முன்பே ஜெயகுமாரியின் கணவன் சாந்தகுமார் தாராளமாகக் காட்டலாம் என்றுவிட்டான். சைலஸ் தலையைக் குனிந்துகொண்டார். அதை ஜெயகுமாரி கவனித்துவிட்டாள்.

அவள் மருந்துக் கம்பெனி லேபில் வேலை பார்ப்பவள். எதையும் சரிபார்த்துப் பழகிய புத்தி சும்மா இருக்குமா. அடுத்த நாள் லஞ்ச் நேரத்தில், தயிர் சாதத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டே, ஆக்ஸ்பர்க் வெள்ளி என்று போனில் தேடினாள். அந்த நகரத்து முத்திரை திரையில் பெரிதாக வந்தது. பைன் மரத்துக் காய். அவர்கள் வீட்டுப் புல்வெளியில் கேட்பாரற்றுக் கிடக்கும் அதே பைன் கோன்தான். ஆனால் ஜெயகுமாரியின் கண்ணுக்கு அது பைன் காயாகத் தெரியவில்லை. சீதாப்பழமாகத் தெரிந்தது.

அந்தச் சீதாப்பழத்தை அவள் முன்பே பார்த்திருக்கிறாள்.

கல்யாணமாகி மாயவரம் வீட்டுக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ். மாமியார் பாக்கியமணி பாத்திரத்தையும் பல்பொடியையும் அவள் முன்னால் வைத்தார். அடியில் சீதாப்பழம் மாதிரி ஒன்று இருக்கும், அதன் கண்களுக்குள்தான் கறுப்பு ஏறும், அதை விட்டுவிடாமல் தேய் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். புது மருமகள் பயத்தில் அவள் அந்தப் பழத்தைத் தேய்த்த தேய்ப்பு கொஞ்சநஞ்சமல்ல. விரல் நுனிக்கு அதன் செதில்கள் இன்னும் ஞாபகம் இருந்தன. பக்கத்திலேயே, பாதத்தின் விளிம்பில், மாமியாரின் பெயர் வெட்டியிருந்தது. குடத்திலிருந்து தூக்குச்சட்டி வரை பெயர் வெட்டாமல் நம் வீடுகளில் ஒரு சாமான் உள்ளே வருவதில்லை. அன்றைக்கு அது சாதாரணமாகத் தெரிந்தது. இன்றைக்கு அதே பெயரை நினைத்தால் கிலி பிடித்தது. தன் பொருளில் பெயர் வெட்டுகிறவர்களும் உண்டு, பொருளைத் தன்னுடையதாக்கிக்கொள்ளப் பெயர் வெட்டுகிறவர்களும் உண்டு.

பிறகு அமெரிக்கா வந்தார்கள். பாத்திரமும் மாமனார் மாமியாரோடு பின்னாலேயே வந்து, சபையின் இராப்போஜன மேஜைக்குப் போனது. இருந்தவரை அதைத் துலக்கியது மாமியார்தான். அவர் இறந்த சில மாதங்களில் கொரோனா வந்து, ஆளுக்கொரு பிளாஸ்டிக் குப்பி என்று ஆகி, பாத்திரம் வெல்வெட் பைக்குள் முடங்கிவிட்டது. போன வருஷம் சாந்தகுமார்தான் ரொம்பக் கறுத்துவிட்டது என்று எடிசனில் நம்மவர் நகைக்கடைகள் இருக்கும் ஓக் ட்ரீ ரோடு வரை கொண்டுபோய் பாலிஷ் போட்டு வந்தான். வெள்ளி விழா அன்று அவனே மேஜையில் வைத்தான், அவனே எடுத்துப் பையில் போட்டான். ஆக, ஜெயகுமாரி அதன் அடியைப் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. ஆனால் வெள்ளியில் அடித்த பழம் என்ன, பழுத்து உதிர்ந்தா போய்விடும்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள். மகள் ஆன்லின் கைக்குழந்தையாக இருந்தபோது, டேகேரில் விட மனமில்லாமல் அவள் வேலையையே விடப் பார்த்தாள். "நீ போ ஜெயா, நான் இருக்கேன்" என்று சொன்னவர் மாமாதான். பனியில் ஸ்ட்ரோலர் தள்ளத் தெரியாமல் தள்ளி, பால் புட்டியைக் கொதிக்க வைக்கக் கற்று, பள்ளிக்கூடம் போகும் வரை அந்தப் பிள்ளையை வளர்த்தவர். அவளுடைய சொந்த அப்பா இறந்து, விசா சிக்கலில் ஊருக்குப் போக முடியாமல் கிடந்த அன்று, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து அழுதவர். அந்த மனிதர் கோயில் சாமானில் கை வைத்தவர் என்று ஊரே பேசப்போகிறது. அதைவிடப் பெரிய பயம், அது உண்மை என்று தனக்கு மட்டும் முன்கூட்டியே தெரிந்துவிட்டதே என்பது.

பாத்திரத்தைக் காட்டப் போக வேண்டிய சனிக்கிழமை காலை எழுந்ததும் அவள் ஒரு காரியம் செய்யத் துணிந்தாள். கிச்சன் சிங்க்கிலிருந்து பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரை எடுத்து ஹூடி பாக்கெட்டில் திணித்துக்கொண்டாள். மாமா பாத்ரூமில் இருந்தார். கீழ் அறைக்குப் போய் அலமாரியைத் திறந்து பையைக் கையில் எடுத்துவிட்டாள். நாலு தரம் அழுத்தித் தேய்த்தால் பழம் மழுங்கிவிடும். வெளியார் வீட்டுக்குக் கொண்டுபோகிறோமே என்று துலக்கினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். தமிழ்ப் பெண் ஒருத்தி வெள்ளியை அழுத்தித் தேய்த்ததற்கு யார் கேள்வி கேட்பார்கள்.

பையின் முடிச்சில் விரல் வைத்தபோது பின்னால் கதவு திறந்தது.

சைலஸ் துண்டோடு நின்றார். அவர் பார்வை பையிலிருந்து அவள் பாக்கெட்டுக்குப் போனது. நாரின் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கண் மங்கல் என்று மாதக்கணக்காகப் புலம்பும் மனிதருக்கு அது மட்டும் எப்படித் தெரிந்ததோ.

"வேணாம்மா," என்றார். "தேய்க்க வேணாம்."

"கறுத்திருக்குமோன்னு பாத்தேன் மாமா."

"கறுத்தா கறுத்துட்டுப் போகுது. இருக்கறது இருக்கற மாதிரியே போகட்டும்."

அவர் பையை வாங்கிக்கொண்டார். அவள் தொட்ட முடிச்சை இன்னும் ஒரு முறை இறுக்கினார். அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாத ஒருவருக்கு அப்படி இறுக்கத் தோன்றாது. ஜெயகுமாரி மாடிப்படி ஏறி மேலே வந்து, நாரை சிங்க்கில் போட்டுவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். அவளுக்கு அழுகை வந்தது.

காரில் மாமா முன்சீட்டில் உட்கார்ந்தார். பை ஜெயகுமாரியின் மடியில் வந்தது. ரூட் ஒன் நெடுஞ்சாலையில் சனிக்கிழமைக்கே உரிய நெரிசல். சாந்தகுமார் ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி, பேசாமல் ஐயரிடம் இது ஜெர்மன் சில்வர் என்று சொல்லியிருக்கலாம், நம் பெண்கள் கொலுவுக்கும் வளைகாப்புக்கும் கொடுக்கிற குங்குமச் சிமிழ் மாதிரி, அதில் குண்டுமணி வெள்ளி கிடையாது, பிரச்சினையே முடிந்திருக்கும் என்று ஜோக் அடித்தான். யாரும் சிரிக்கவில்லை. அவனே சிரித்துக்கொண்டான். அப்பா பேரில் திருட்டுப் பழி விழப்போகிறது, இவனுக்கு ஜோக் வருகிறதே என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அந்த வாரம் முழுக்க நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கிய ஒரே ஆள் அந்த வீட்டில் அவன்தான்.

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் பவதாரணியின் வீட்டு வாசலில் ஆபேல் ஐயர் முன்பே வந்து காத்திருந்தார். பவதாரணி யாழ்ப்பாணத்துப் பெண். ஓர் ஏலக் கம்பெனிக்குப் பழைய ஐரோப்பிய வெள்ளியை மதிப்பிட்டுத் தருவது அவள் வேலை. சபைக்கும் அவளுக்கும் சம்பந்தம் இல்லை, அதனாலேயே ஐயர் அவளைத் தேடிப் பிடித்தார். உள்ளே சாம்பிராணி வாசனை அடித்தது, சுவரில் முருகன் இருந்தார். சைலஸை அங்கிள் என்று கூப்பிட்டு, நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார வைத்து, எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்த பிறகுதான் சாப்பாட்டு மேஜையில் ஒரு துணியை விரித்தாள்.

பாத்திரத்தைத் தொடுவதற்கு முன்னால் அவள் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றாள். முத்திரையைப் பார்த்த உடனே யாரும் ஒரு முடிவுக்கும் வந்துவிடக் கூடாது. ஆக்ஸ்பர்க் பைன் காய் இருந்தால் அதற்குக் கீழே ஓர் எழுத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அந்த எழுத்துதான் வருஷத்தைக் காட்டிக்கொடுக்கும். காய் இருக்கிறது என்பதற்காகவே பழசு என்றும் சொல்லிவிட முடியாது.

"ஹானாவ் எண்டு ஒரு ஊர் இருக்கு," என்றாள். "போன நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டு முடிவில அங்க பழைய மாடல் சாமான் நிறையச் செய்தவை. பழைய முத்திரை மாதிரியே தாங்களா ஒண்ட அடிச்சும் விட்டவை. அப்பிடியும் இருக்கலாம்தானே, அக்கா. பயப்பிடாதேங்கோ."

தன் முகத்தில் அவ்வளவு பயம் தெரிகிறதா என்று ஜெயகுமாரி கூசிப்போனாள். ஆனாலும் அந்தப் பெயர் தெரியாத ஊரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஆண்டவரே, அந்தப் பழம் ஹானாவ் பழமாக இருக்கட்டும். யாரோ ஒரு ஜெர்மன் தட்டான் செய்த ஏமாற்று வேலையாக இருக்கட்டும். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பொருள் போலியாக இருக்க வேண்டும் என்று அவள் ஜெபித்தாள்.

பவதாரணி பையை அவிழ்த்தாள். பாத்திரம் ஜன்னல் வெளிச்சத்தில் பளபளவென்று வந்தது. கையுறை மாட்டிக்கொண்டு அதைத் தலைகீழாகத் துணியில் கவிழ்த்தாள். சின்ன லென்ஸைக் கண்ணில் வைத்துக் குனிந்தாள். ஐயர் கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். சைலஸ் மேஜை விளிம்பைப் பிடித்திருந்தார். 

பவதாரணி நிமிர்ந்தபோது சிரித்தாள்.

"இதில காயும் இல்லை, பழமும் இல்லை," என்றாள். "வடிவாப் பாருங்கோ. இது பிறை. பக்கத்தில கிரீடம். பிறகு எண்ணூறு எண்டு நம்பர். இந்த மூண்டும் வரிசையா நிண்டா, 1888க்குப் பிறகு செய்தது. அதுக்கு முந்தி இந்த முத்திரையே கிடையாது."

எண்ணூறு என்றால் ஆயிரத்தில் எண்ணூறு பங்கு வெள்ளி என்று விளக்கினாள். அதற்கு முன்பெல்லாம் ஒவ்வோர் ஊரும் தன் இஷ்டத்துக்கு அடித்துக்கொண்டிருந்ததாம், ஜெர்மனி ஒரே நாடான பிறகுதான் எல்லாருக்கும் பொதுவாகப் பிறையும் கிரீடமும் என்று சட்டம் வந்ததாம். உருவம் பழைய மாடல்தான், படத்தில் பார்த்தவர்கள் ஏமாந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் இருநூற்றைம்பது வருஷத்துச் சாமான் இது இல்லவே இல்லை, வேண்டுமானால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றாள்.

ஆபேல் ஐயருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சைலஸின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். ஊருக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், அங்கே இன்னும் தூங்கியிருக்க மாட்டார்கள் என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே டெக்குக்குப் போனார்.

சந்தோஷப்பட வேண்டியதுதானே. ஜெயகுமாரியால் முடியவில்லை. பழம் நிஜமாக இருந்தால் என்ன செய்வது, போலியாக இருந்தால் என்ன செய்வது என்று இரண்டுக்கும் மனசைத் தயார் பண்ணிக்கொண்டு வந்தவள் அவள். பழமே இல்லாமல் போகும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. எழுந்து போய்க் குனிந்து பார்த்தாள். வளைந்த ஒரு பிறை. குட்டிக் கிரீடம். அவள் பல்பொடி போட்டுத் தேய்த்த செதில்கள் அங்கே எங்கும் இல்லை. விளிம்பில் மட்டும் மாமியாரின் பெயர் அதே இடத்தில் இருந்தது.

அவள் நிமிர்ந்து மாமாவைப் பார்த்தாள். பழி நீங்கிய மனிதரின் முகம் அப்படியா இருக்கும். பேயறைந்தது போல் உட்கார்ந்திருந்தார். அவரும் அந்தப் பழத்தைத்தான் எதிர்பார்த்து வந்திருக்கிறார் என்பது அவளுக்கு அந்த நிமிஷம் புரிந்தது.

பிறகு கணவனைப் பார்த்தாள். சாந்தகுமார் தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தான்.

பவதாரணி பாத்திரத்தை இன்னும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது வேலை, கண் சும்மா இருக்காது. "இந்தப் பேர் ஆருடையது?" என்று கேட்டாள். "வெட்டினது நல்லாப் புதுசு, என்ன? ஓரமெல்லாம் இன்னும் கூரா இருக்கு. ஒண்டு ரெண்டு வருஷத்துக்கு மேல இராது."

ஜெயகுமாரி மறுபடி குனிந்து அந்த எழுத்துகளைப் பார்த்தாள்.

"எங்க அம்மா பேரு," என்றான் சாந்தகுமார். "பாலிஷ் போடும்போது தேஞ்சு போயிருந்துச்சு. திரும்ப வெட்டச் சொல்லிட்டேன்."

கேட்ட கேள்விக்குப் பதில் அவ்வளவு சட்டென்று வந்து நின்றது. பவதாரணிக்கு அது போதுமானதாக இருந்தது. தலையாட்டிவிட்டுப் பாத்திரத்தைத் துடைக்கத் தொடங்கினாள். ஆனால் ஜெயகுமாரி அவனோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவள். கார் சாவி எங்கே என்று கேட்டாலே யோசித்துத்தான் சொல்வான். அம்மா பெயரைத் திரும்ப வெட்டியவன் அதை வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கவும் மாட்டான், ஆசையாகக் கொண்டுவந்து காட்டியிருப்பான். மாமா திருடர் என்று தெரிந்துவிடுமே என்று வாரம் முழுக்கப் பயந்தாள். அந்தப் பயம் போய்விட்டது என்று அவளால் மூச்சு விட முடியவில்லை. அவள் தினமும் பக்கத்தில் படுத்துத் தூங்குகிற மனிதனைப் பற்றிய பயமாக அது மாறிவிட்டது. சீதாப்பழம் இருந்த பாத்திரத்தை எங்கே கொண்டுபோய் வைத்தான், யாரிடம் கொடுத்தான், இந்தப் பாத்திரம் எங்கிருந்து வந்தது. ஒன்றையும் அந்த மேஜையில் வைத்துக் கேட்க முடியாது. டெக்கிலிருந்து ஐயரின் ஸ்தோத்திரம் சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

கிளம்பும்போது சைலஸ் முன்சீட்டுக்குப் போகவில்லை. கால் நீட்டிக்கொள்ள வேண்டும் என்று பின்கதவைத் திறந்து மருமகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். முன்சீட்டில்தான் கால் நீட்ட இடம் அதிகம் என்று சாந்தகுமார் சொல்லிப் பார்த்தான். அவர் காதில் வாங்கவில்லை.

கார் கிளம்பியது. சாந்தகுமார் நாளைய ஆராதனைக்கான பாட்டை முணுமுணுத்தபடி ஓட்டினான். மாமாவுக்கும் மருமகளுக்கும் நடுவில் வெல்வெட் பை இருந்தது.  நெடுஞ்சாலையில் ஏறியதும் சைலஸ் பையின் மேல் கையை வைத்து, அவள் பக்கம் சாய்ந்தார். குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது.

"பாக்கியம் மாயவரத்துல உங்கிட்டதான இத தேய்க்கக் குடுத்தா. நீ பாத்திருக்க. காலைல நாரோட நின்னியே, அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு." நிறுத்தி மூச்சு வாங்கினார். "சீதாப்பழம் எங்கம்மா?"

 ஜெயகுமாரி அவர் கை மேல் தன் கையை வைத்தாள். 

முன்னால் பாட்டு நின்றுவிட்டிருந்தது. சாந்தகுமார் கண்ணாடியில் அவர்களைப் பார்த்தான். முதலில் அப்பாவை, பிறகு அவளை. வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டிய சிக்னல் பச்சையில் இருந்தது. அவன் இண்டிகேட்டர் போடவில்லை. கார் நேராகவே போனது.

"என்னங்க, நம்ம வீடு அந்தப் பக்கம்," என்றாள் ஜெயகுமாரி.

அவன் வேகத்தைக் குறைக்கவில்லை.

"உங்க ரெண்டு பேருக்குமே தெரியுமா?" என்று கேட்டான். "யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சுத்தானே நான் பாத்திரத்த மாத்தினேன்."

வாரம் முழுக்கப் பயப்படாத ஒரே ஆளின் குரல் இப்போது உடைந்து வந்தது. அதைக் கேட்டபோதுதான் ஜெயகுமாரிக்கு உண்மையிலேயே பயம் வந்தது.